வன்னியில் படம் பார்த்த காலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊருக்கு வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது வைஃபை இருக்கிறதா என்று. இரண்டாம் நாள் கரண்ட் போய் எல்லோரும் முற்றத்தில் பாய் போட்டு இருக்கும்போது, "அந்த நாளில நீங்கள் படமே பாக்கேல்லையா?" என்று தொடங்குவார்கள். கனடாவில் இருந்து வந்த மருமகளும், கொழும்பில் படிக்கும் பெறாமகனும், என்னோடு வேலை செய்த பெடியன்களும் கேட்டவை கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். ஒவ்வொரு தடவையும் முதலில் இருந்து சொல்லிக் களைத்துப்போய் இப்போது எழுதி வைக்கிறேன்.

நான் இரணைமடு வாய்க்கால் தண்ணீரில் நெல் விளையும் ஒரு குடியேற்றத்திட்டக் கிராமத்தில் பிறந்தவன். எழுபதுகளின் கடைசியில் இருந்துதான் படம் பார்த்த நினைவு இருக்கிறது. அதற்கு முந்தியதெல்லாம் ஐயா சொல்லக் கேட்டது.

வன்னி என்று எந்த இடத்தைச் சொல்கிறீர்கள்?

இலங்கையின் வடக்கில், ஆனையிறவுக்குத் தெற்கே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் முல்லைத்தீவு 1978 இலும் கிளிநொச்சி 1984 இலும்தான் தனி மாவட்டங்கள் ஆயின. ஆகையால் பழைய ஆட்கள் "யாழ்ப்பாண மாவட்டம், கிளிநொச்சி" என்று சொன்னால் திருத்தப் போகாதீர்கள். அவர்கள் சொல்வது அந்தக் காலத்துக்குச் சரி.

வன்னியில் தியேட்டர் இருந்ததா? காடுதானே?

இந்தக் கேள்விக்கு நான் முன்பு கோபப்படுவேன். இப்போது இல்லை. தியேட்டர் இருந்தது. ஆனால் யாழ்ப்பாணத்தைப் போல வின்சர், வெலிங்டன், றீகல், ராஜா, மனோகரா, ஸ்ரீதர் என்று வரிசையாக எண்ணும் அளவுக்கு இருக்கவில்லை. யாழ்ப்பாணத்து ஆள் ஒரு தியேட்டரில் ரிக்கற் கிடைக்காவிட்டால் சைக்கிளை அடுத்த தியேட்டருக்கு விடுவார். எங்களுக்கு ரிக்கற் கிடைக்காவிட்டால் அடுத்த காட்சி வரைக்கும் மதகில் குந்தியிருக்க வேண்டும்.

எங்கள் டவுன் தியேட்டருக்கு ஒரு பெயர் இருந்தது, பெரிய எழுத்தில் முகப்பில் இருந்தது. ஆனால் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. "தியேட்டர்" என்றால் அதுதான். பக்கத்துக் கடைகள், பஸ் நிற்கும் இடம், சைக்கிள் பார்க் எல்லாம் சேர்த்துத் "தியேட்டரடி". கட்டடம் இல்லாமல் போன பிறகும் பல வருடம் பஸ்ஸில் "தியேட்டரடியில இறக்கிவிடுங்கோ" என்று சொன்னவர்கள் இருந்தார்கள். புதிதாக வந்த கண்டக்டருக்கு அது எங்கே என்று தெரியாது. பஸ்ஸில் இருந்த கிழவிகள் எல்லாம் சேர்ந்து அவருக்கு விளங்கப்படுத்துவார்கள்.

தியேட்டருக்கு எப்படிப் போவீர்கள்?

இதைப் பற்றி நான் எவ்வளவும் சொல்வேன். படத்தைவிட எனக்குப் போன வழிதான் கூட ஞாபகம் இருக்கிறது.

வெட்டுக்கு முந்தி ஒருவர் கையிலும் காசு இருக்காது. காலபோகம் வெட்டி, சூடடித்து, நெல் விற்றுக் காசு வந்த பிறகு மாசி, பங்குனியில்தான் குடும்பத்தோடு படம். யாராவது ஒருவர் உழவு மிசினை, அதுதான் டிராக்டரை, எடுப்பார். பின்னால் பெட்டி. பெட்டிக்குள் வைக்கோல் பரப்பி அதன் மேல் நெல் காயப்போடும் படங்கை விரிப்பார்கள். அதில் மூன்று நான்கு வீட்டுச் சனம் ஏறும். பொம்பிளைகள் நடுவில், பிள்ளைகள் அவர்கள் மடியில், இளந்தாரிகள் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு. புட்டும் சம்பலும் வாழையிலையில் கட்டி ஒரு பையில். ஒரு போத்தல் தேத்தண்ணி. யாராவது ஒரு கைக்குழந்தை அழுதுகொண்டே வரும்.

மிசின் சத்தத்தில் கதைக்க முடியாது. அதனால் எல்லோரும் கத்திக் கதைப்பார்கள். போகும்போது படத்தின் கதை என்னவாக இருக்கும் என்று சண்டை. வரும்போது பெரும்பாலும் பெட்டி அமைதி. பிள்ளைகள் நித்திரை. யாராவது ஒருவர் மட்டும் கடைசிப் பாட்டை முனகிக்கொண்டு வருவார். வாய்க்கால் கரையில் ஆனை நிற்கிறதா என்று முன்னுக்கு ஒருவர் ரோச் அடித்துக்கொண்டு இருப்பார். எங்கள் பக்கம் அது பகிடி இல்லை.

சைக்கிளில் போனவர்கள் வேறு சாதி. ஒரு சைக்கிளில் மூன்று பேர், பாரில் ஒருவர், கரியரில் ஒருவர். ஏற்றத்தில் கரியர்காரன் இறங்கித் தள்ள வேண்டும் என்பது எழுதாத சட்டம்.

வெளிநாட்டில் காருக்குள் இருந்தே பார்க்கும் டிரைவ்-இன் இருக்கிறதே, அப்படி ஒன்று வன்னியில் இருந்ததா?

இது மருமகளின் கேள்வி. கனடாவில் அவள் அப்படி ஒன்றுக்குப் போயிருக்கிறாள்.

இல்லை, இருக்கவில்லை. அது அமெரிக்காவில் பிறந்த சாமான். நியூ ஜேர்சியில் ரிச்சர்ட் ஹொலிங்ஸ்ஹெட் என்று ஒருவர். வீட்டு வளவில் இரண்டு மரத்துக்கு நடுவில் சீலையைக் கட்டி, கார் மூக்கில் புரொஜெக்டரை வைத்துப் பார்த்தாராம். முன்னால் நிற்கும் கார் பின்னால் உள்ளவருக்கு மறைக்கிறது என்பதுதான் அவருக்கு வந்த பிரச்சினை. அதற்கு நிலத்தைச் சரிவாக மேடு மேடாக வெட்டி, ஒவ்வொரு காரின் முன் சில்லும் கொஞ்சம் உயர்ந்து நிற்கும்படி செய்தார். அதற்குக் காப்புரிமையும் எடுத்து, 1933 யூன் 6 ஆம் திகதி கெம்டன் பக்கத்தில் முதலாவது டிரைவ்-இன்னைத் திறந்தார். ஐம்பதுகளின் கடைசியில் அமெரிக்காவில் அப்படி 4,000 க்கு மேல் இருந்தன. இந்தியாவில் அகமதாபாத்தில் 1973 இல் ஒன்று வந்தது, சென்னையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒன்று இருந்தது. கார் பெருகாத ஊரில் அது வராது. எங்கள் கிராமத்தில் அப்போது கார் வைத்திருந்தவர்களை ஒரு கைவிரலில் எண்ணலாம், அதிலும் ஒன்று கல்யாணத்துக்கு மட்டும் ஓடும்.

ஆனால் சொன்னால் சிரிப்பீர்கள். ஹொலிங்ஸ்ஹெட் யோசித்த அதே விசயத்தை எங்கள் ஆட்களும் யோசித்தார்கள். திருவிழாவில் வெளியில் படம் போடும்போது பின்னுக்கு மிசின் பெட்டிகளை நிற்பாட்டுவார்கள். மிசினைக் கழற்றிவிட்டால் பெட்டி முன்பக்கம் சரியும். அதற்குக் கீழே ஒரு குற்றியை முண்டு கொடுத்துச் சமப்படுத்தினால் பெட்டிதான் பல்கனி. நிலத்தில் இருப்பவர்களின் தலைக்கு மேலால் தெரியும். "பெட்டிக்காரர்" என்று சொந்தமாக ஒரு வகுப்பே இருந்தது, ரிக்கற் இல்லாத முதலாம் வகுப்பு. நான் மருமகளிடம் சொன்னேன், பிள்ளை, உங்களுடையது டிரைவ்-இன், எங்களுடையது மிசின்-இன்.

தியேட்டருக்குள் எப்படி இருக்கும்?

முன்னுக்குக் கலரி, வாங்கு போட்டது. பின்னுக்குப் போகப் போகக் கதிரை, காசு கூட. பல்கனி என்றால் டாக்குத்தர், பெரிய கடைக்காரர், புதிதாகக் கல்யாணம் கட்டியவர்கள். கலரியில் கழுத்தை அண்ணாந்து பார்த்துப் பார்த்து அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் கழுத்துத் திரும்பாது. மூட்டைப்பூச்சி இருந்தது, அதை மறைக்க முடியாது. வாங்கில் ஒரு பேப்பரை விரித்துத்தான் இருப்போம். அது இடைவேளையில் கச்சான் சரை சுற்றவும் உதவும்.

சாப்பாடு கச்சான், மஞ்சள் கடலை, சோடா, வாசலில் ஐஸ்பழம். கச்சான் கோது காலுக்குக் கீழே நொறுங்கும் சத்தம் சண்டைக் காட்சியில் நிற்கும், பாட்டில் திரும்பத் தொடங்கும். அதை வைத்தே வெளியில் நிற்பவர் உள்ளே என்ன போகிறது என்று சொல்லிவிடலாம்.

படம் ஏன் பழையதாகவே வந்தது?

இரண்டு காரணம். முதலாவது, 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்தது. வெளிநாட்டுப் படங்களை இறக்குவதும் பகிர்வதும் அதன் கைக்குப் போய், இந்தியப் படங்கள் அளவாகத்தான் வந்தன. சிங்கள சினிமாவுக்கு அது உரம் என்று சொல்வார்கள், அதில் உண்மை இருக்கிறது. எங்கள் பக்கத்து விளைவு, வந்த சில படங்களே சுற்றிச் சுற்றி ஓடியதுதான்.

இரண்டாவது, அந்தச் சில பிரின்ற்களும் முதலில் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஓடித் தேய்ந்த பிறகுதான் சின்ன ஊர்களுக்கு வரும். அப்படி வரும்போது படத்தில் மழை பெய்யும். திரையில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக ஓடும் கீறல்களைத்தான் மழை என்போம். கதாநாயகி பாலைவனத்தில் பாடிக்கொண்டிருப்பாள், மழை கொட்டிக்கொண்டிருக்கும். வெட்டி ஒட்டிய இடங்களில் ஆள் கதவடியில் நின்று அடுத்த நொடி கட்டிலில் இருப்பார். இந்தப் பாய்ச்சல்களுக்குப் பழகிப்போன எங்களுக்கு, பிறகு ஒரு நல்ல பிரின்ற் பார்த்தபோது படம் மெதுவாகப் போவதுபோல இருந்தது.

ஒப்பரேட்டர் அறைக்குள் போயிருக்கிறீர்களா?

ஒரே ஒரு தடவை. மாமாவின் சிநேகிதர் ஒருவர் அங்கே வேலை. உள்ளே வெக்கை என்றால் அப்படி ஒரு வெக்கை. இரண்டு மிசின். ஒன்றில் ரீல் முடியும் நேரம் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும், அதைப் பார்த்து மற்றதை ஓடவிட வேண்டும். வெளிச்சம் பல்ப் இல்லை, இரண்டு கரிக்குச்சிகளுக்கு நடுவில் எரியும் மின்பொறி. குச்சி எரிய எரிய இடைவெளி கூடும், அதை அடிக்கடி சரிபார்க்காவிட்டால் திரை மங்கும். கீழே இருந்து விசில் வரும்.

செக்கனுக்கு 24 படம் ஓட வேண்டிய பிலிம் மிசினுக்குள் வெளிச்சம் விழும் இடத்தில் சிக்கி ஒரு கணம் நின்றுவிட்டால் அந்தச் சூட்டில் கருகிவிடும். திரையில் கதாநாயகனின் முகத்து நடுவில் ஒரு மண்ணிறப் பொட்டு வந்து, குமிழி விட்டு, முகம் முழுவதும் உருகிப் பரவும். பிறகு வெறும் வெள்ளை. சனம் கத்தும். சின்னப் பிள்ளைகள் உண்மையாகவே ஆள் எரிந்துபோனார் என்று அழுவார்கள். நான் அழுதேன்.

வெட்டி எறிந்த பிலிம் துண்டுகள் எங்களுக்குப் பொக்கிசம். பியூஸ் போன பல்பின் பின்பக்கத்தைக் கவனமாக உடைத்து, அதற்குள் தண்ணீர் நிரப்பினால் வில்லை. வெளியில் ஒருவன் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலை யன்னல் ஓட்டைக்குள் அடிக்க வேண்டும். வீட்டுக்குள் இருட்டில் பிலிம் துண்டைப் பிடித்தால் சுவரில் தொங்கும் வேட்டியில் எம்.ஜி.ஆர். தலைகீழாக நிற்பார். பிலிமைத் திருப்பிப் பிடித்தால் நேராவார். அசையமாட்டார், அதற்கென்ன. வசனம் நாங்கள் பேசினோம். கண்ணாடி பிடிப்பவனுக்குத்தான் கடைசி வரை ஒன்றும் தெரியாது. ஆளுக்காள் மாறிப் பிடிப்பது என்று ஒப்பந்தம், பெரும்பாலும் தம்பிதான் பிடிப்பான். இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவான்.

என்ன படம் ஓடுகிறது என்று எப்படித் தெரியும்?

வானொலிதான். இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா மூச்சு விடாமல் ஒரு படத்தைப் பற்றிச் சொன்னார் என்றால் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவரும் கோப்பையை வைத்துவிட்டுக் கேட்பார். படம் எங்கள் பக்கம் வர இன்னும் எவ்வளவோ நாள் இருக்கும். அதுவரைக்கும் அவருடைய குரலிலேயே நாங்கள் படத்தைப் பார்த்து முடித்துவிடுவோம். பிறகு ஒரு நாள் காரில் லவுட்ஸ்பீக்கர் கட்டி அறிவித்துக்கொண்டு, நோட்டீஸ் எறிந்துகொண்டு வருவார்கள். பச்சை, றோஸ் நிறத்தாளில் அடித்த நோட்டீஸ். அதைப் பொறுக்கத் தூசிக்குள் ஓடி முழங்காலை உடைக்காத பிள்ளை எங்கள் ஊரில் இல்லை.

இலங்கையில் எடுத்த தமிழ்ப் படம் எதுவும் பார்க்கவில்லையா?

பார்த்தோம், குறைவு. மன்னார்ப் பக்க ஆட்கள் பெருமையாகச் சொல்வது 'வாடைக்காற்று'. செங்கை ஆழியானின் நாவல், 1978 இல் படமாக வந்தது, பேசாலைக் கரையில் எடுத்தது. எங்கள் ஆட்கள் கதைப்பது மாதிரியே திரையிலும் கதைத்ததைக் கேட்டுக் கலரி முதலில் சிரித்ததாம், பிறகு பேசாமல் இருந்ததாம். இதை ஐயா சொன்னார்.

தியேட்டர் எப்போது நின்றது?

ஒரு நாளில் பூட்டுப் போட்டு நின்றதல்ல. எண்பதுகளில் இரவுக் காட்சிக்குச் சனம் வரப் பயந்தது. ஊரடங்கு, சுற்றிவளைப்பு. முதலில் இரண்டாம் காட்சி போனது, பிறகு முதலாம் காட்சி. அதே நேரம் ரீவியும் வீடியோக் கசற் ஓடும் டெக்கும் வீடுகளுக்குள் வரத் தொடங்கின. ரூபவாஹினி 1982 இல் வந்தது, அதற்குப் பிறகு மன்னார், யாழ்ப்பாணக் கரைகளில் உயரமான கம்பத்தில் அன்ரனாவை இந்தியாப் பக்கம் திருப்பி வைத்து தூரதர்ஷன் பார்த்தார்கள்.

1990 இல் சண்டை மறுபடி தொடங்கியபோது மின்சாரமும் நின்றது. மிச்சத்தை 1996 க்கும் 1998 க்கும் இடையில் நடந்த சண்டைகள் பார்த்துக்கொண்டன. கிளிநொச்சி டவுன் கைமாறிக் கைமாறி இடிந்து தரைமட்டமானது. திரும்பிப் போனபோது தியேட்டரடியில் நான் பார்த்தது ஒரு சுவர், அதில் சதுரமாக இரண்டு ஓட்டை. ஒப்பரேட்டர் அறை ஓட்டைகள். அதற்குள்ளால் வானம் தெரிந்தது.

மின்சாரமே இல்லாமல் எப்படிப் படம் பார்த்தீர்கள்?

இங்கேதான் எங்கள் கதை மற்ற ஊர்க் கதைகளில் இருந்து பிரிகிறது. மற்ற இடங்களில் வீடியோ வந்து தியேட்டரைக் கொன்றது என்பார்கள், சனம் வீட்டுக்குள் போய்விட்டது என்பார்கள். எங்களுக்கு நேர்மாறு. மின்சாரம் போனதால் ரீவி திரும்ப முற்றத்துக்கு வந்தது, ஊரும் அதைச் சுற்றி வந்தது.

பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல், மண்ணெண்ணெய், பற்றரி, சீமெந்து எல்லாம் தடை, அல்லது பொன்விலை. வீட்டில் ஜாம் போத்தலுக்குள் துளி எண்ணெய் விட்டுத் திரி எரித்துப் படித்த காலம். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ செய்தி கேட்போம். அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு படம் பார்ப்பதென்றால் அது ஒரு ஊர் வேலை.

முதலில் எண்ணெய். வீட்டுக்கு இவ்வளவு என்று சேர்ப்பார்கள், காசாகவோ போத்தலாகவோ. ஜெனரேட்டர் வைத்திருப்பவர் ஒருவர், ரீவி வைத்திருப்பவர் ஒருவர், டெக்கும் கசற்றும் வாடகைக்கு. ஜெனரேட்டருக்குக் கொஞ்சம் பெற்றோலைக் காட்டி ஸ்டார்ட் பண்ணிவிட்டு மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள். வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டி அதற்குள் அதை இறக்கி, சத்தம் குறைய மண்மூட்டை அடுக்கினாலும் வசனத்தில் பாதி அதற்குத்தான் போகும். புகை மணம் வேறு. இன்றைக்கும் மண்ணெண்ணெய்ப் புகை மணத்தால் எனக்குப் பழைய பாட்டுத்தான் ஞாபகம் வரும்.

எஞ்சின் இளைத்தால் ரீவிப் படம் நான்கு பக்கமும் சுருங்கும். உடனே யாராவது "அண்ணை, எஞ்சினைப் பாருங்கோ, ஆள் மெலியிறார்" என்று கத்துவார்கள். டெக்கின் ஹெட்டில் தூசி பிடித்துப் படம் புள்ளி புள்ளியாக வந்தால் ஓடிக்கொலோனைப் பஞ்சில் நனைத்துத் துடைப்பது கைவைத்தியம். அதைச் செய்யத் தெரிந்த பெடியனுக்கு ஊரில் இருந்த மரியாதை விதானையாருக்கும் இருக்கவில்லை.

காசு வாங்கிப் படம் காட்டிய மினி சினிமாக்களும் இருந்தன. கிடுகால் அடைத்த கொட்டில், உள்ளே மணல், முன்னால் பெரிய ரீவி ஒன்று. இருட்டு வேண்டும் என்று பகலில் உள்ளே படங்கு கட்டுவார்கள். படங்கு கட்டினால் படம் என்று நாங்கள் சொல்லித் திரிந்தோம். வெக்கையில் சேர்ட்டைக் கழற்றிவிட்டுத்தான் பார்ப்போம்.

ஒரு மினி சினிமாக்காரர் எங்களை நன்றாகப் பேய்க்காட்டினார். புதுப்படம் என்று போர்ட்டில் எழுதி வைத்து, உள்ளே ஏற்கனவே ஊரெல்லாம் பார்த்து முடித்த படத்தைப் போட்டார். காசைத் திருப்பிக் கேட்டதற்கு, "எஞ்சின் ஓடுதோ இல்லையோ? எஞ்சினுக்குத்தான் காசு" என்றார். அந்த நியாயத்துக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை.

எல்லாப் படமும் பார்க்க விட்டார்களா?

இல்லை. வன்னி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த காலத்தில் இந்தியப் படங்களுக்குக் கட்டுப்பாடு இருந்தது, சில காட்சிகள் வெட்டப்பட்டும் வரும். அவர்களுடைய நிதர்சனம் பிரிவு எடுத்த படங்களும் 'ஒளிவீச்சு' வீடியோ சஞ்சிகையும் ஊர்களில் காட்டப்பட்டன. பிள்ளைகள் போராட்டத்தில் இருந்த வீடுகளில் இருந்து வந்தவர்கள் அவற்றை எந்தக் கண்ணோடு பார்த்தார்கள் என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். திரையில் தெரியும் ஒவ்வொரு முகத்தையும் தேடிப் பார்ப்பார்கள். அதை ஒரு கேள்வி பதிலில் எழுத முடியாது.

கோயில் திருவிழாவில் படம் போடுவது எப்படி வந்தது?

அதற்கு முந்தி கூத்து இருந்தது. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு வைகாசியில் சனம் எங்கெங்கெல்லாமோ இருந்து நடந்து வந்து இரவிரவாக முழித்திருக்கும். கோவலன் கூத்து, காத்தவராயன் கூத்து எல்லாம் விடிய விடிய. பாயும் தலையணையுமாகப் போய், நித்திரை வந்தால் படுத்து, முக்கியமான கட்டம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் தட்டி எழுப்பப் பார்ப்பது எங்கள் பழக்கம். சின்னக் கோயில்களில் கூத்துக்குச் செலவழிக்க முடியாமல் போனபோது அந்த இரவுக்கு வீடியோ வந்தது. ஒரே இரவில் மூன்று படம், நான்கு படம். முதலாவது சாமிப் படமாக இருக்க வேண்டும், இது கோயில் சபையின் கண்டிப்பு. அது முடிந்து ஐயர் வீட்டுக்குப் போன பிறகு சண்டைப் படம்.

பழக்கம் மாறவில்லை. அதே பாய், அதே இடம், அதே தட்டி எழுப்பல். "எழும்பு, எழும்பு, வில்லன் வந்திட்டான்." மூன்றாவது படத்தில் முழித்திருப்பது ஜெனரேட்டர்காரரும் காதலிப்பவர்களும் மட்டும்தான்.

பெண்கள் தனியாகப் படத்துக்குப் போவார்களா?

அம்மாவிடம் கேட்டேன். "தனியப் போறதோ? கொப்பர் கொல்லுவார்" என்றார். பிறகு சிரித்துக்கொண்டு, நாற்று நட்டு முடிந்த ஒரு நாள் எட்டுப் பொம்பிளைகள் கடைக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு மற்றினிக் காட்சிக்குப் போன கதையைச் சொன்னார். நாற்பது வருடமாக ஐயாவுக்குத் தெரியாது. இப்போது தெரியும், பக்கத்தில்தான் இருந்தார்.

வெளிநாட்டில் இருந்து வந்த கல்யாணக் கசற் ஏன் ஓடவில்லை?

இதைப் பல பேர் கேட்கிறார்கள், ஏனென்றால் பல வீட்டிலும் நடந்தது. கனடாவில் ரீவி முறை என்ரிஎஸ்சி (NTSC), இலங்கையில் பால் (PAL). ஒன்றில் பதிந்த கசற்றை மற்றதன் டெக்கில் போட்டால் படம் மேலும் கீழும் உருளும், அல்லது நிறம் இல்லாமல் வரும். பெரியக்கா தன் மகளின் கல்யாணக் கசற்றை ஆள்மாறி ஆள்மாறிக் கொடுத்து அனுப்பி, அது ஒருவழியாகத் தாண்டிக்குளம் சோதனைச்சாவடி கடந்து வந்து சேர்ந்தது. எண்ணெய் சேர்த்து, எஞ்சின் எடுத்து, ஊரையும் கூப்பிட்டுப் போட்டால் கறுப்பு வெள்ளையில் மாப்பிள்ளை மேலே மேலே போய்க்கொண்டே இருக்கிறார். கூறைச்சேலை என்ன நிறம் என்று அம்மம்மாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. பிரான்சில் இருந்து வந்தவையும் சில நேரம் நிறம் இல்லாமல் வரும், அங்கே செகாம் என்று வேறொரு முறை.

இப்போது வன்னியில் படம் பார்க்க எங்கே போகிறார்கள்?

வவுனியாவுக்கு, அல்லது யாழ்ப்பாணம் கார்கில்ஸ் சதுக்கத்துக்கு. கிளிநொச்சியில் இருந்து 60 கிலோமீற்றருக்கு மேல். மிச்சப் பேர் போனில்.

பழைய நினைவுகளைச் சேர்க்க விரும்புகிறோம். எங்கே தொடங்குவது?

"அந்தக் காலத்துத் தியேட்டரைப் பற்றிச் சொல்லுங்கோ" என்று கேட்காதீர்கள். "அது ஒரு பொற்காலம் தம்பி" என்று ஒரு பதில்தான் வரும். ரிக்கற் யார் கிழித்தார், இடைவேளையில் என்ன வாங்கினீர்கள், மழை பெய்தால் கூரை எங்கே ஒழுகும், வீட்டுக்குத் திரும்பி வர எத்தனை மணி ஆகும், கதவைத் திறந்தது யார் என்று கேளுங்கள். கூரை ஒழுகிய இடத்தைச் சொல்லத் தொடங்கினால் மற்றதெல்லாம் தானாக வரும்.

பத்திரிகை விளம்பரங்களைத் தேடலாம். ஈழநாடு, வீரகேசரி, தினகரன் எல்லாவற்றிலும் சினிமா விளம்பரங்கள் வந்தன. நூலகம் நிறுவனம் 2005 இல் இருந்து ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் இலவசமாகச் சேர்த்து வருகிறது, அங்கே பக்கம் பக்கமாகத் தட்டிப் பாருங்கள். வீட்டு அலுமாரியில் நோட்டீஸோ ரிக்கற் துண்டோ இருந்தால் ஒட்டுநாடா போட்டு ஒட்டாதீர்கள், மஞ்சளாகிக் கெட்டுவிடும். பகல் வெளிச்சத்தில் நேராக வைத்துப் போனில் ஒரு படம் எடுங்கள், பின்பக்கத்தையும் எடுங்கள். பின்பக்கத்தில்தான் யாராவது கணக்கு எழுதியிருப்பார்கள். வன்னியில் பல வீடுகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்த சனம் அடையாள அட்டையையும் காணி உறுதியையும் தூக்கிக்கொண்டு ஓடியதா, சினிமா நோட்டீஸைத் தூக்கிக்கொண்டு ஓடியதா? ஆகவே கடதாசி இல்லை என்று குறை சொல்லாமல் ஆட்களின் வாயைக் கேளுங்கள்.

பாதியில் நின்று, முடிவு தெரியாமல் போன படம் ஏதாவது உண்டா?

உண்டு. இடம்பெயர்ந்து இருந்த ஒரு இடத்தில், காணிக்காரரின் முற்றத்தில் படம் போட்டோம். யாழ்ப்பாணத்தில் இருந்து 1995 இல் வந்தவர்களும் எங்களோடு இருந்தார்கள். தாய்க்கு வருத்தம், மூத்த மகன் சிறையில், இளையவன் கெட்டவனோடு சேர்ந்துவிட்டான் என்று கதை இறுகி வரும் நேரம் எஞ்சின் இருமி நின்றுவிட்டது. எண்ணெய் முடிந்துபோனது. ஊரிலேயே ஒரு போத்தல் இல்லை.

சனம் எழும்பவில்லை. இருட்டில் அப்படியே இருந்தது. அப்போது வேலியோரம் இருந்த ஒரு ஆச்சி, "மிச்சத்தை நான் சொல்லுறன்" என்றார். படம் பார்த்தவர் போலச் சொன்னார். மூத்தவன் சிறையில் இருந்து வந்தது, ஆற்றங்கரையில் தம்பியைக் கண்டது, தாய் எழும்பி வாசலுக்கு வந்தது, எல்லாம். நடுவில் இரண்டு வரி பாட்டும் பாடினார். அது கோவலன் கூத்தில் வரும் மெட்டு என்று பக்கத்தில் இருந்த அண்ணை காதுக்குள் சொன்னார். சனம் அழுதுவிட்டு எழும்பிப் போனது.

யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை 2002 இல் திறந்த பிறகு வவுனியாவில் அந்தப் படத்தின் சிடி கிடைத்தது. போட்டுப் பார்த்தேன். தாய் இடைவேளைக்குக் கொஞ்சம் பின்னாலேயே செத்துவிடுகிறாள். ஆறும் இல்லை, வாசலும் இல்லை.

ஆச்சியைத் தேடிப் போய், "ஆச்சி, நீங்கள் சொன்ன மாதிரி இல்லை, தாய் சாகுது" என்றேன். அவர் வெற்றிலையை இடித்துக்கொண்டே, "படம் எடுத்தவனுக்கு என்ன தெரியும்" என்றார்.